புல்லார்டின் ஆராய்ச்சி நெறியும் கேம்பிரிட்ஜ் மாணவர் வழியும்

1. முன்னுரை

நிலவுலகின் வடிவையும் உள்ளமைப்பையும், ஈர்ப்பு, காந்தம், வெப்பம், நிலநடுக்க அலை ஆகியவற்றை அளந்து ஆராயும் துறை புவி இயற்பியல் எனப்படும். இருபதாம் நூற்றாண்டில் இத்துறையை வளர்த்த பெருமக்களுள் ஒருவர் எட்வர்டு புல்லார்டு. 1907ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 21ஆம் நாள் இங்கிலாந்தில் நாரிச் நகரில் பிறந்த இவர், 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அமெரிக்காவில் லா ஹோயா என்னும் ஊரில் மறைந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் ஆராய்ச்சியாளராகவும், ஆய்வுக்கூடத் தலைவராகவும், மாணவர்களை உருவாக்கிய ஆசிரியராகவும் அவர் ஆற்றிய பணிகள் பல.

தமிழாராய்ச்சி இதழொன்றில் இவர் வரலாற்றை எடுத்துரைப்பதற்குக் காரணங்கள் இரண்டு உள. முதலாவது, ஆராய்ச்சி மரபு என்பது ஆசிரியரிடமிருந்து மாணவர்க்கு எவ்வாறு செல்கின்றது, செல்லுங்கால் எவ்வாறு மாறுகின்றது என்பதை விளக்க இவர் வாழ்க்கை தக்கதொரு சான்றாகும். இரண்டாவது, இவரது துறையினர் இந்துமாக் கடலின் அடித்தரையை அளந்து கண்ட செய்தி, தமிழறிஞர் பலர் நெடுங்காலமாகப் போற்றிவந்த கருத்தொன்றை நேரே தொடுகின்றது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்றை முன்னரே கூறிவிடல் நன்று. புல்லார்டு தாமே கண்ட முடிபுகளுள் முதன்மையான சில நிலைபெறவில்லை. ஆயினும், அம்முடிபுகளை மறுத்தற்குரிய கருவிகளையும், மறுக்கும் உரிமையுடைய மாணவரையும் அவர் உருவாக்கினார். அவர் தலைமையின் சிறப்பு அதன்கண்ணேயே உள்ளது என்பது நம் துணிபு.

2. ஊசல் தந்த தொடக்கம்

புல்லார்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிளேர் கல்லூரியில் பயின்று, ரதர்போர்டு தலைமையில் இயங்கிய கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் பிளாக்கெட்டு என்பாரிடம் மின்னணுச் சிதறல் பற்றி ஆராய்ந்தவர். எனவே, அவர் தொடக்கத்தில் பயின்றது அணு இயற்பியலேயாகும். 1931இல் அப்பல்கலைக்கழகத்தின் நில அளவை, புவி இயற்பியல் துறையில் அவர் செயல்முறை ஆசிரியராக அமர்ந்தார். மிகச் சிறிய துறை அது. அதன் தலைவர் ஜெரால்டு லெனாக்ஸ்-கனிங்காம், இந்திய நில அளவைத் துறையில் நெடுங்காலம் பணிபுரிந்து, ஊசலைக் கொண்டு புவியீர்ப்பை அளக்கும் கலையில் தேர்ந்தவர்.

இத்தொடர்பு எண்ணத்தக்கது. இந்தியாவின் பெரு முக்கோண அளவை, 1802இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கியது. அவ்வளவை பின்னர் வடக்கே இமயத்தை நெருங்கியபோது, தூக்குநூல் மலைப்பக்கமாகச் சாய்தல் கணக்கில் எதிர்பார்த்த அளவினும் குறைவாக இருந்தது. அதன் காரணத்தை ஆராய்ந்தே, 1855இல் பிராட்டும் ஏரியும் தத்தம் விளக்கங்களை வெளியிட்டனர். மலையும் கண்டமும் எடை குறைந்த பாறையால் ஆனவை. நீரில் மிதக்கும் கட்டையைப் போல, அடியிலுள்ள எடை மிக்க பொருளின்மேல் சமநிலையில் நிற்பவை என்பது அவ்விளக்கங்களிலிருந்து வளர்ந்த கொள்கை. இதனைப் புவிமேலோட்டின் சமநிலைக் கொள்கை என்பர். புவியீர்ப்பை ஊசலால் அளந்து இக்கொள்கையைச் சோதிக்கும் மரபையே லெனாக்ஸ்-கனிங்காம் இந்தியாவிலிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். அம்மரபின் முதற் பெருமாணவர் புல்லார்டு ஆவார்.

1933-34இல் புல்லார்டு கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று, அங்குள்ள பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் குறுக்கே புவியீர்ப்பை அளந்தார். ஊசலின் அலைவுநேரத்தை நுண்ணிதின் அறிய நல்ல கடிகாரம் வேண்டும். காட்டுவழியில் கடிகாரம் பிழைபடும். ஆதலின் வானொலிக் காலக்குறிகளை ஆப்பிரிக்காவிலும் கேம்பிரிட்ஜிலும் ஒருங்கே பதிவு செய்து, இரண்டு இடத்து ஊசல்களையும் நேரே ஒப்பிடும் முறையைக் கையாண்டார். கருவியில் உள்ள குறையை முறையால் வெல்லும் இத்திறம் அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

அளவைகள் செம்மையானவை, ஆனால் அவற்றிலிருந்து அவர் 1936இல் கண்ட முடிபு நிலைக்கவில்லை. இருபுறமிருந்தும் நெருக்குண்டு அப்பள்ளத்தாக்கு தாழ்ந்தது என்று அவர் கருதினார். நிலம் இருபுறமும் இழுபட்டு விலகுவதால் அது தோன்றியது என்பதே பின்னர் நிலைநாட்டப்பெற்ற உண்மை. முடிபு மாறியபோதும் அவர் எடுத்த அளவைகள் பயன் இழக்கவில்லை. தரவையும் அதன்மேல் எழுப்பும் கருத்தையும் வேறுபிரித்து வைத்தமையால், ஒன்று வீழ்ந்தபோது மற்றொன்று வீழாதிருந்தது.

3. கடலை நோக்கி

புவியின் பெரும்பகுதி கடலால் மூடப்பெற்றது. நிலத்தை மட்டும் ஆராய்ந்து புவியின் இயல்பை உரைத்தல், சில ஏடுகளைக் கொண்டு ஒரு நூல் முழுமைக்கும் உரை வகுத்தலை ஒக்கும். இதனை உணர்ந்த புல்லார்டு, அமெரிக்க அறிஞர் மாரிஸ் யூயிங் கடலில் வெடி வைத்து அலைகளைப் பதிவுசெய்யும் முறையைக் கண்டறிந்து, 1938-39இல் காஸ்கெல் என்பாரோடு சேர்ந்து இங்கிலாந்துக்கு மேற்கேயுள்ள கடலடியை ஆராய்ந்தார். அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் துளைகளின் வெப்பநிலையை ஆராய்ந்து, புவியின் உள்ளிருந்து வெளிப்படும் வெப்பத்தின் அளவை 1939இல் வெளியிட்டார்.

இரண்டாம் உலகப்போர் மூண்டபோது அவர் போர்ட்ஸ்மத்தில் வெர்னான் கடற்படை நிலையத்தில் பணியேற்றார். செருமானியர் கடலில் இட்ட காந்தக் கண்ணிவெடிகள் கப்பலின் காந்தப்புலத்தால் வெடிப்பவை. கப்பலின் காந்தத் தன்மையைக் குறைத்து அதனைக் காக்கும் முறைகளை உருவாக்கியதில் புல்லார்டின் பங்கு பெரிது. 1941இல் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

போருக்குப் பின் கேம்பிரிட்ஜ் திரும்பிய அவர், 1948இல் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் இயற்பியற் பேராசிரியரானார். அக்காலத்தே கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்துக்குச் சென்று, ஆழ்கடற் சேற்றில் வெப்பத்தை அளக்கும் கருவியொன்றை மாக்ஸ்வெல் என்பாரோடு அமைத்தார். நீண்ட கம்பிபோன்ற கருவி சேற்றில் இறங்கி நிற்கும். அதன் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாட்டாலும், சேறு வெப்பத்தைக் கடத்தும் இயல்பாலும் வெளிப்படும் வெப்பத்தைக் கணிப்பர்.

கிடைத்த விடை எவரும் எதிர்பாராதது. கண்டப் பாறைகளில் கதிரியக்கப் பொருள் மிகுதி. கடலடிப் பாறைகளில் குறைவு. ஆகவே கடலடியில் வெப்பம் மிகவும் குறைந்து காணப்பெறும் என்று கருதியிருந்தனர். ஆனால் முதல் அளவைகள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்று காட்டின. இன்றைய கணிப்பில் கடலடியின் சராசரி வெப்பவோட்டம் கண்டத்தினும் மிகுதியே. எவ்வாறாயினும், கடலடிக்குக் கீழே வெப்பத்தை மேலே கொணரும் இயக்கம் ஒன்று இருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்துக்கு இவ்வளவை வித்திட்டது.

4. தலைமைப் பணியும் காந்தக் கொள்கையும்

1950இல் புல்லார்டு இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநரானார். 1953இல் சர் பட்டம் பெற்றார். அவர் இயக்குநராயிருந்த 1955இல்தான், லூயி எசென், ஜாக் பாரி என்போர் சீசியம் அணுவைக் கொண்டு இயங்கும் முதல் துல்லியக் கடிகாரத்தை அங்கு அமைத்தனர். அக்கூடத்தில் இயங்கிய தொடக்ககாலக் கணிப்பொறியைப் புவியின் காந்தத்தை ஆராயப் பயன்கொண்டவர் புல்லார்டே. நிர்வாகத் தலைவராய் இருந்தும் ஆராய்ச்சியைக் கைவிடாமைக்கு இதுவே சான்று.

புவியின் நடுவே உருகிய இரும்புக் கருவின் ஓட்டமே டைனமோ போன்று காந்தப்புலத்தைப் பிறப்பிக்கின்றது என்பது எல்சாசர் முதலியோர் வளர்த்த கருத்து. அதனைக் கணக்கால் நிறுவ முயன்ற புல்லார்டும் கெல்மன் என்பாரும் 1954இல் விரிவான ஆய்வொன்றை வெளியிட்டனர். அது பெரும்புகழ் பெற்றது. ஆனால் 1960களின் இறுதியில், பெரிய கணிப்பொறிகளைக் கொண்டு கணக்கை மேலும் விரித்தபோது, அவர்கள் கண்ட விடை நிலையான எண்ணில் வந்து நிற்கவில்லை எனத் தெரிந்தது. அடிப்படைக் கருத்து பிழையன்று. அவர்கள் எடுத்துக்கொண்ட ஓட்டத்துக்கு அக்கணக்கு போதவில்லை.

இதன்பின் புல்லார்டு செய்தது நம் கருத்துக்குரியது. தம் பழைய கட்டுரையைக் காக்க வாதம் தொடுத்தலை விடுத்து, டேவிட் கபின்ஸ் என்னும் இளைஞரோடு சேர்ந்து அதே வினாவை மீண்டும் ஆராய்ந்து, 1977இல் கட்டுரை வெளியிட்டார். அப்போது அவர்க்கு வயது எழுபதை எட்டிக்கொண்டிருந்தது.

5. மாணவர் வழி

1955இல் இயக்குநர் பதவியை விட்டுக் கேம்பிரிட்ஜ் மீண்ட புல்லார்டு ஏற்ற பதவி, முன்னையதை நோக்கச் சிறிது. பேராசிரியர் என்னும் நிலை அவர்க்கு 1964இல்தான் கிட்டியது. நகர்ப்புறத்தே மாடிங்லி ரைஸ் என்னும் பழைய இல்லத்தில் அத்துறை இயங்கிற்று. அங்கே உருவான ஆசிரியர் மாணவர் நிரலைக் காண்போம். போருக்குப் பின் கடலடி ஆய்வில் புல்லார்டின் வழிநின்றவர் மாரிஸ் ஹில். ஹில்லிடம் பயின்றவர் டிரம்மண்ட் மாத்யூஸ். மாத்யூஸிடம் 1962இல் ஆராய்ச்சி மாணவராய்ச் சேர்ந்தவர் பிரெட் வைன்.

அவ்வாண்டிறுதியில் மாத்யூஸ், பன்னாட்டு இந்துமாக்கடல் ஆய்வுப்பயணத்தின் பகுதியாக, ஓவன் என்னும் பிரித்தானியக் கடற்படைக் கப்பலில் சென்று, இந்துமாக்கடலின் வடமேற்கிலுள்ள கார்ல்ஸ்பெர்க் கடலடி மலைத்தொடரின்மேல் காந்த அளவைகள் எடுத்து வந்தார். அவற்றைக் கணிப்பொறியால் ஆராய்ந்த வைன், அங்குள்ள பாறைகளுட் சில இன்றைய காந்தத் திசைக்கு நேர்மாறான திசையில் காந்தமேறியுள்ளன எனக் கண்டார். புவியின் காந்தத் திசை பண்டு பன்முறை தலைகீழாக மாறியுள்ளது. அமெரிக்க அறிஞர் ஹாரி ஹெஸ் 1962இல் எழுதியபடி, கடலடி மலைத்தொடரின் நடுவே புதிய பாறை தோன்றி இருபுறமும் விலகிச் செல்லுமாயின், அப்பாறை தோன்றிய காலத்துக் காந்தத் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்ளும். மலைத்தொடரின் இருபுறமும் மாறிமாறி வரும் காந்தப் பட்டைகள் உண்டாகும். இக்கருத்தை வைனும் மாத்யூஸும் 1963ஆம் ஆண்டு செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்டனர். கனடிய அறிஞர் மார்லி தனித்து இதே கருத்தைக் கண்டு எழுதியும், அவ்வாண்டில் இரண்டு இதழ்கள் அவர் கட்டுரையை ஏற்க மறுத்துவிட்டன.

வைன் தம் கருத்தைக் கூறியபோது புல்லார்டு ஊக்கமூட்டினார். ஆயினும் அக்கட்டுரையில் தம் பெயரைச் சேர்க்க இசையவில்லை. அச்செயலை எச்சரிக்கை என்று கொள்வாரும் உளர். அவர் உள்ளத்தை நாம் அறுதியிட்டு உரைத்தல் இயலாது. விளைவு மட்டும் தெளிவு: அக்கருத்தின் புகழ் முழுவதும் ஓர் இளைய விரிவுரையாளர்க்கும் ஓர் ஆராய்ச்சி மாணவர்க்கும் உரியதாயிற்று. தலைவர் பெயர் முன்னிற்பின் மாணவர் பெயர் மறைந்துபோதல் எத்துறையிலும் காணும் இயல்பே.

6. கண்டங்களின் பொருத்தம்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையும் வடிவில் பொருந்துவதை வேகனர் முதலியோர் முன்னரே எடுத்துக்காட்டினர். கேம்பிரிட்ஜிலேயே வாழ்ந்த பேரறிஞர் ஹெரால்டு ஜெப்ரீஸ் அப்பொருத்தம் உண்மையன்று என மறுத்துவந்தார். இருதரப்பும் கண்ணால் கண்டு வழக்காடியபோது, புல்லார்டு எண்ணால் தீர்க்க முற்பட்டார். எவரெட், ஸ்மித் என்போரோடு சேர்ந்து, கரையோரத்தை விடுத்து, 500 பாகம் (ஃபேதம்) ஆழத்தில், அஃதாவது ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில் உள்ள கண்டச் சரிவின் விளிம்பை எடுத்துக்கொண்டு, கணிப்பொறியால் மிகச் சிறந்த பொருத்தத்தைக் கண்டார். 1964இல் ராயல் சொசைட்டியில் பிளாக்கெட்டு, புல்லார்டு, ரங்கான் ஆகிய மூவரும் கூட்டிய கருத்தரங்கில் இவ்வாய்வு இடம்பெற்று, 1965இல் அச்சேறியது. பொருத்தத்தின் சராசரிப் பிழை 30 முதல் 90 கிலோமீட்டர் என்று அவர்கள் கணித்தனர். பெருங்கடலின் அகலத்தை நோக்க இது மிகச் சிறிது. ஜெப்ரீஸ் 1989இல் மறையுங்காறும் தம் மறுப்பைக் கைவிடவில்லை.

இவ்வாய்வில் புல்லார்டு குழுவினர், கோளத்தின்மேல் நிகழும் எவ்விடப்பெயர்ச்சியையும் ஓர் அச்சைச் சுற்றிய ஒரே சுழற்சியாகக் கூறலாம் என்னும் ஆய்லரின் தேற்றத்தைப் பயன்கொண்டனர். புல்லார்டிடம் ஆராய்ந்து 1966இல் முனைவர் பட்டம் பெற்ற டான் மக்கென்சி அதனையே பற்றுக்கோடாகக் கொண்டு, கேம்பிரிட்ஜில் பயின்ற ராபர்ட் பார்க்கரோடு சேர்ந்து, 1967 டிசம்பரில் வடபசிபிக் பகுதியின் இயக்கத்தை விளக்கினார். பிரின்ஸ்டனில் ஜேசன் மார்கன் தனித்து ஆராய்ந்து கண்டதும் இத்தகையதே. நிலத்தட்டுக் கொள்கை இவ்வாறு உருப்பெற்றது. ஆசிரியர் கண்டங்களைப் பொருத்தக் கொண்ட கணக்கைக் கொண்டு, மாணவர் புவிமேற்பரப்பு முழுவதன் இயக்கத்தையும் விளக்கினார்.

7. குமரிக்கண்டம் பற்றிய கருத்தும் இவ்வாராய்ச்சியும்

1864இல் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார், லெமூர் என்னும் விலங்கினத்தின் பரவலை விளக்கும்பொருட்டு, மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் இடையே கடலில் மூழ்கிய நிலமொன்று இருந்தது எனக் கருதி, அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். கண்டங்கள் நகரும் என்பதை அறியாத காலத்தில் அது அறிவுக்கொத்த கருத்தே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் தமிழறிஞர் பலர் இதனை இறையனார் களவியலுரையும் அடியார்க்கு நல்லார் உரையும் கூறும் கடல்கோட் செய்தியோடு இணைத்தனர். மேனாட்டு அறிவியலே நம் உரையாசிரியர்க்குச் சான்று பகர்கின்றது என்னும் மகிழ்ச்சி அவ்விணைப்பில் இருந்தது.

புல்லார்டு லெமூரியாவை மறுக்கப் புகுந்தவர் அல்லர். ஆனால் அவர் வழியினர் அளந்த கார்ல்ஸ்பெர்க் தொடர், லெமூரியா இருந்ததாகக் கூறப்பெற்ற கடற்பரப்பின் பகுதியேயாகும். அங்கே காண்பது மூழ்கிய பெருங்கண்டம் அன்று. மலைத்தொடரின் நடுவே புதிதாகத் தோன்றி விலகிய கடலடிப் பாறை. எடை குறைந்த கண்டம் எடை மிக்க அடித்தளத்துள் அமிழ்ந்து மறைதல், இந்திய அளவையால் விளைந்த சமநிலைக் கொள்கைக்கும் ஒவ்வாது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாயிருந்து, ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. மொரீஷியஸ் தீவின் அடியில் பழங்கண்டத் துண்டொன்று உள்ளதென 2013இல் அறிஞர் எழுதினர். அத்துண்டு பிரிந்த காலமும் மாந்தர் தோன்றுதற்குக் கோடிக்கணக்கான ஆண்டு முற்பட்டதே.

எனவே, கடல்கோட் செய்தியை லெமூரியாவைக் கொண்டு நிறுவுதல் இனி இயலாது. இதனால் உரையாசிரியர் கூற்று வெறும் புனைவாயிற்று என்பதும் பொருந்தாது. இறுதிப் பனியூழியில் கடல்மட்டம் இன்றையினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தமிழகமும் ஈழமும் அக்காலத்தே நிலத்தால் இணைந்திருந்தன. பின்னர்க் கடல் உயர்ந்து கரையோர நிலங்களை மூடியது. அந்நிகழ்ச்சியின் நினைவு பல்லாயிரம் ஆண்டு தங்கியதா, பிற்காலக் கடற்பெருக்குகளே மரபுச் செய்திக்கு மூலமா என்பவை தனித்து ஆராயத்தக்க வினாக்கள். நூற்சான்று நூற்சான்றாகவே பதிப்பு, காலம், உரைமரபு ஆகியவற்றால் ஆராயப்பெறல் வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்க அளவைகள் அவற்றின்மேல் எழுந்த கருத்து வீழ்ந்த பின்னும் பயன்பட்டமை போல, களவியலுரையின் செய்தியும் லெமூரியா வீழ்ந்த பின் ஆராய்ச்சிக்கு எஞ்சி நிற்கும்.

8. முடிவுரை

நன்னூலார் நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாக்கினார். புல்லார்டின் வாழ்க்கையில் துலாக்கோலின் இயல்பு சிறந்து விளங்குகின்றது. துலாக்கோல் தன்மேல் வைத்தவர் யார் எனப் பாராது. பிளவுப் பள்ளத்தாக்கு, காந்தக் கணக்கு ஆகிய இரண்டிலும் அவர் கருத்துக்களே நிறுக்கப்பெற்றுக் குறைந்தன. அந்நிறுப்பினை அவர் தடுக்கவில்லை.

தமிழாராய்ச்சித் துறைகளில் இன்று ஆராய்ச்சிப் பட்டம் பெறுவோர் பலர். ஆசிரியர் கருத்துக்கு மாறான முடிபை மாணவர் கண்டவழி, அதனை அச்சேற்ற அவ்வாசிரியரே ஊக்குவிக்கும் துறைகள் எத்துணை என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் மாணவர் ஒருவர் குமரிக்கண்டம் பற்றி ஆராய்ந்து, நாம் எழுதியதை மறுத்துக் கட்டுரை கொணர்வாராயின், அவர் தரவு சரியா என்று வினவுதலே நம் முதற்கடன்.